ஊருக்குப் போகும்போது பூனையைக் கூட்டிப் போவதா, வீட்டில் விட்டுப் போவதா?

ரயில் டிக்கெட்டை 60 நாளுக்கு முன்பே எடுத்துவிடுகிறோம். பால் பாக்கெட் போடுபவரிடம் சொல்வது, கேஸை மூடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பார்ப்பது எல்லாம் நினைவாக நடக்கிறது. வீட்டில் பூனை இருந்தால் அதற்கு என்ன ஏற்பாடு என்கிற பேச்சு மட்டும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எழுகிறது. அதற்குள் நல்ல வழிகளில் பாதி அடைபட்டிருக்கும். முதல் வகுப்பு ஏசி நிரம்பியிருக்கும், பிராணிகளைக் காசு வாங்கிக்கொண்டு தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் நல்ல போர்டிங்கில் இடம் இருக்காது, எதிர் வீட்டுக்காரர்களும் அவர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

நான் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. பொங்கல், கோயில் கொடை, பள்ளி லீவு என்று வருஷத்தில் சில முறை இந்தக் கேள்வி வந்துவிடும். அந்த அனுபவத்தில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து நாளுக்குள் திரும்பிவிடுவோம் என்றால் பூனை வீட்டிலேயே இருப்பதுதான் அதற்கு நல்லது. ஆனால் நம்பிக்கையான ஒருவர் கையில் சாவி இருக்க வேண்டும், அவர் தினமும் வர வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால்தான் மற்ற வழிகளை யோசிக்க வேண்டும்.

பூனை வளர்க்கும் வீட்டில் கதவு நிலையின் கீழ்ப்பகுதியையும் சுவர் மூலைகளையும் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக ஒரு தடம் தெரியும். அது பூனை வந்து வந்து கன்னத்தைத் தேய்த்துப் பதித்த அடையாளம். அதன் கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. நம் மூக்குக்கு எட்டாத அந்த வாசனை எங்கெல்லாம் இருக்கிறதோ அதுவே பூனைக்கு அச்சமில்லாத இடம். நாலு நாள் நாம் இல்லாவிட்டாலும் சுவரும் சோபாவும் ஜன்னல் திண்டும் அதே வாசனையோடு இருக்கும். ஊரில் நாம் பக்கத்திலேயே இருந்தாலும் அந்த வாசனை துளிகூட இருக்காது. பூனைக்கு ஆள் மேல் பாசம் கிடையாது என்று சொல்ல வரவில்லை. பாசம் உண்டு, நம்மைத் தேடவும் செய்யும். ஆனால் ஆளைத் தேடுவதைவிட இடத்தை இழப்பதுதான் பெரும்பாலான பூனைகளுக்குப் பெரிய கலக்கம்.

சோற்றை வைத்துவிட்டுப் போனால் போதாதா?

ஊரிலிருந்து அம்மா ஃபோனில் சொல்வது இதுதான்: “ஏட்டி, பூனைதானே. ஒரு தட்டு நிறையச் சோறும் தண்ணியும் வச்சிட்டு வா. நாங்கெல்லாம் பூனையக் கூட்டிக்கிட்டா ஊருக்குப் போனோம்?”

அம்மா காலத்துப் பூனைக்கு அது சரி. ஓட்டு வீடு, நாலா பக்கமும் வழி. எலி பிடிக்கும், பக்கத்து வீட்டுத் திண்ணையில் மீன் தலை கிடைக்கும், தண்ணீருக்குக் கிணற்றடி இருக்கிறது. பூட்டிய ஃபிளாட்டில் இருக்கும் பூனைக்கு நாம் வைத்ததைத் தவிர வேறு கதி இல்லை. முதல் நாளே எறும்பு மொய்த்துவிட்டால் அந்தத் தட்டை அது தொடாது. தண்ணீரைத் தட்டிவிட்டால் அடுத்த சொட்டு நாம் திரும்பி வந்த பிறகுதான்.

பூனையின் உடம்பு பட்டினியைத் தாங்கும் வகையும் வேறு. இரண்டு மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேர ஆரம்பித்துவிடும். கொழுகொழு என்றிருக்கும் பூனைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஆண் பூனைக்கு இன்னொரு கண்டம் உண்டு. அதன் சிறுநீர்க் குழாய் குறுகலானது. மன உளைச்சல், தண்ணீர் குறைவாகக் குடிப்பது என்று ஏதாவது காரணத்தால் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும். லிட்டர் தட்டில், அதாவது அது மலசலம் கழிக்க நாம் மண் நிரப்பி வைக்கும் தட்டில், போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும், மண்ணில் ஈரக் கட்டி ஒன்றும் இருக்காது. இதைக் கண்ணால் பார்க்க ஆள் வேண்டும். கேமரா வைத்திருக்கிறேன், தானாகத் தீனி போடும் மெஷின் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். கேமரா லிட்டரைக் கிளறிப் பார்க்காது, கரண்ட் போனால் இரண்டும் படுத்துவிடும். மெஷின் வாங்கினால் பேட்டரியிலும் ஓடுவதாக வாங்குங்கள், வருகிற ஆளுக்கு உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் இறக்கிவிட்டுப் போவது, “யாராவது சோறு வைப்பாங்க” என்று வாட்ச்மேனிடம் பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போவது, இவற்றை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்கு வண்டியும் தெரியாது, தெரு நாயும் தெரியாது.

சாவி யார் கையில்

நல்லபடி நடக்கும் ஏற்பாடு என்பது காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். ஒரு வேளைதான் வர முடியும் என்றால் திடமான பெரிய பூனைக்கு அதுவும் ஆகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறேன் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆள் பார்ப்பது நல்லது.

எங்கள் எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார். “வாசல் தெளிச்சதும் ஒரு எட்டு பாத்துச் சாப்பாடு போட்டுட்டு வரேன், நீ நிம்மதியாப் போயிட்டு வாம்மா. அந்த மண்ணு அள்ளுறது மட்டும் எனக்கு ஆகாது. சாயங்காலம் தம்பிய அனுப்புறேன், அவன் அள்ளிடுவான்.” இப்படி முகத்துக்கு நேரே சொல்பவர்தான் எனக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு லிட்டர் தட்டைத் தொடாமலே விட்டால், நாற்றம் தாங்காத பூனை மெத்தையில் போக ஆரம்பிக்கும். தம்பிக்கு, அதாவது அவர் பையனுக்கு, பரீட்சை வந்தால் என்ன செய்வது என்றும் அப்போதே பேசி, இரண்டாவது லிட்டர் தட்டு ஒன்று வைத்துவிட்டேன். அக்காவுக்கு அல்வா வாங்கிவந்தால் போதும். தம்பிக்குக் கையில் பணமாகக் கொடுத்துவிட வேண்டும், அவன் செய்வது வேலை.

சாவி கொடுப்பதற்கு முன் ஒன்றிரண்டு நாள் நாம் இருக்கும்போதே அவர் வந்து தீனி போடட்டும். அவரைக் கண்டு கட்டிலுக்கடியில் ஓடுகிற பூனை மூன்றாம் முறை தலையை நீட்டும். அது நடக்காத வீடுகளும் உண்டு, சில பூனைகள் நாம் வரும் வரை அந்தக் கட்டிலடியை விட்டு வரவே வராது. தட்டு காலியாகி, லிட்டரில் ஈரக் கட்டி இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எறும்புக்குப் பழைய வைத்தியமே சிறந்தது. அகலமான தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் தீனிக் கிண்ணத்தை வைத்தால் எறும்பு தாண்டாது. பூனை தட்டின் விளிம்பிலிருந்தே எட்டிச் சாப்பிடப் பழகிவிடும். தயவுசெய்து எறும்புச் சாக்பீஸால் கோடு கிழிக்காதீர்கள். அதிலிருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதக் கல்லீரல் அதைச் சமாளித்து வெளியேற்றிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் குறைவு. மருந்து காலில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும். வந்து பார்க்கும் அக்கா நல்லெண்ணத்தில் கோடு கிழித்துவிடக் கூடாது, அதனால் அவரிடமும் சொல்லி வையுங்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கிளம்பும் நாளில் பீரோவையும் வாஷிங் மெஷினையும் உள்ளே பார்த்துவிட்டு மூட வேண்டும். பால்கனிக் கதவைப் பூட்ட வேண்டும். வலை இல்லாத ஜன்னல் திறந்திருக்கக் கூடாது, பூனை விழாது என்று நம்பித்தான் பலரும் மாடியிலிருந்து விழுந்த பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பாத்ரூம் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாளில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நம்பரும், இரவில் ஓட வேண்டிய இடமும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முடிவு எடுக்க வேண்டி வந்தால் எனக்கு ஃபோன் போகாவிட்டாலும் சிகிச்சையை ஆரம்பிக்கலாம், பணம் நான் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தால் வருபவருக்குத் தயக்கம் இருக்காது. பூனையைக் கண்ணால் பார்க்காமல் கதவைப் பூட்ட வேண்டாம் என்பதையும் அதே தாளில் பெரிதாக எழுதுங்கள்.

கூட்டிப் போவது என்றால்

பயணத்தில் பூனைக்கு ஏற்படும் சிரமத்தை எல்லோரும் பேசுகிறார்கள். பேசாமல் விடுவது போய்ச் சேரும் வீட்டைப் பற்றி. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி, கம்பி வலை இல்லாத பாத்ரூம் வெண்டிலேட்டர், எந்நேரமும் திறந்திருக்கும் பின்வாசல், வெளியே நாய். பொங்கல் என்றால் அதோடு பத்துப் பதினைந்து பேர், வந்து போகும் பிள்ளைகள். “பூனை எங்கே, பூனை எங்கே” என்று ஒரு பிள்ளை கதவைத் திறந்தால் போதும். தெரியாத ஊரில் வெளியே பாய்ந்த பூனை பெரும்பாலும் தூரம் ஓடாது, பக்கத்திலேயே வைக்கோல் போரிலோ படிக்கட்டின் கீழோ பதுங்கிக்கொள்ளும், ஆனால் நாம் கூப்பிட்டால்கூடக் குரல் கொடுக்காது. அப்புறம் விழா முழுக்கத் தேடல்தான். ஆகையால் ஊர் வீட்டில் உள்ளே தாழ் போடும் வசதியுள்ள ஒரு தனி அறை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அறை உண்டு என்றால் அடுத்தது வழி. ஆம்னி பஸ்ஸில் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். விமானத்தில் ஏர் இந்தியாவும் ஆகாசாவும் சின்னப் பிராணிகளை முன் அனுமதியோடு கேபினில் ஏற்றுகின்றன, எடை வரம்பைக் கூடையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இண்டிகோ ஏற்றுவதில்லை, தென் மாவட்டங்களுக்குச் சென்னையிலிருந்து பறப்பவற்றில் பெரும்பாலானவை இண்டிகோதான். எனவே எங்களுக்கு மிஞ்சுவது ரயிலும் காரும்.

ரயிலில் நெல்லை எக்ஸ்பிரஸ், பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி முதல் வகுப்பு ஏசி உள்ள வண்டியாகப் பார்க்க வேண்டும். இரண்டு படுக்கை உள்ள கூபேயோ நாலு படுக்கை உள்ள கேபினோ முழுதாக நம் பெயரில் இருந்தால் பூனையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், வந்தே பாரத் மாதிரியான சேர் கார் எதிலும் அனுமதி கிடையாது. சிக்கல் என்னவென்றால் இரண்டு டிக்கெட் எடுத்தவருக்குக் கூபேதான் கிடைக்கும் என்று உறுதி இல்லை, சார்ட் தயாரானால்தான் தெரியும். அதனால் ரயில்வே வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுப்பது வழக்கம். கிளம்பும் நாளில் பூனையோடு முன்னதாகவே போய்ப் பார்சல் ஆபீஸில் டிக்கெட், அடையாள அட்டை, தடுப்பூசிப் புத்தகம் மூன்றையும் காட்டி அதற்கான கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்க வேண்டும். கார்டு பெட்டியில் பிராணிகளுக்கு என்று ஒரு கூண்டு உண்டு. அது நாய்க்காகச் செய்தது, வெக்கையும் இரைச்சலும் தனிமையும் சேர்ந்த இடம். பூனையை அதில் போடுவதற்கு எனக்கு மனம் வராது, உங்களையும் கேட்டுக்கொள்கிறேன், போடாதீர்கள்.

கூபே கிடைத்துவிட்டால் ரயில் நல்ல வழி. இரவு ஏறினால் காலையில் திருநெல்வேலி. கதவைத் தாழிட்டுவிட்டு, கீழே சின்ன லிட்டர் தட்டு ஒன்றை வைத்துக் கூடையைத் திறந்து விடலாம். சில பூனைகள் இரவு முழுக்கக் கூடைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும், சில படுக்கைக்கு அடியில் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து உட்காரும். டிக்கெட் பரிசோதகர் தட்டும்போது முதலில் பூனையைக் கூடைக்குள் விட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

காரில் நேரத்தை நாம் வைத்துக்கொள்ளலாம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல், பத்து மணி நேரத்துக்குக் குறையாது. கூடை கெட்டியான பிளாஸ்டிக்காக, மேல்பக்கமும் திறப்பதாக இருந்தால் நல்லது. பின் சீட்டில் சீட் பெல்ட்டால் கட்ட வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது ஆசையாக இருக்கும், ஒரு பிரேக்கில் அது ஓட்டுநரின் காலடிக்குப் போய்விடும். கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும். திருச்சி பக்கம் ஒரு தடவை, எல்லாக் கண்ணாடியும் ஏற்றிக் கதவெல்லாம் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீரும் லிட்டர் தட்டும் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் தொடாது, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. சாப்பிட இறங்கும்போது ஒருவர் ஏசி ஓடும் காரிலேயே இருக்க வேண்டும். வெயிலில் பூட்டி நிற்கும் கார் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி கூடிவிடும், கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. நாய் வாயைத் திறந்து இரைப்பது சாதாரணம். பூனை அப்படி இரைத்தால் சூடு தாங்கவில்லை அல்லது பயம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம், உடனே குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

ரயிலோ காரோ, கூடைக்கு முன்கூட்டியே பழக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே ஹாலில் திறந்து வைத்து, உள்ளே நாம் உடுத்தித் துவைக்காத ஒரு பழைய நைட்டியையோ லுங்கியையோ போட்டு, தீனியை அதற்குள்ளேயே வைத்து வந்தால் அது பூனையின் படுக்கையாகிவிடும். டாக்டரிடம் ஊசிக்குப் போகும்போது மட்டும் பரணிலிருந்து இறங்குகிற கூடையைப் பார்த்தால் எந்தப் பூனையும் ஓடத்தான் செய்யும். மிகவும் பயப்படும் பூனைக்குக் கபாபென்டின் என்ற மருந்தைப் பயணத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுக்க மருத்துவர்கள் சொல்வதுண்டு. அளவு பூனையின் எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து அவர்கள் எழுதுவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்த பிறகே வழியில் கொடுக்க வேண்டும்.

போர்டிங், தெரிந்தவர் வீடு

இரண்டுமே கடைசி வழி. போர்டிங் என்றால் நாய்க் குரைப்பு காதில் விழாத, பூனைக்கு மட்டுமான அறையா என்று நேரில் போய்ப் பாருங்கள். பேன்லுகோபீனியா என்ற கொடிய பூனை நோயின் வைரஸ் வெளியில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். ஆகவே அது உட்பட மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, ரேபிஸ் ஊசி இரண்டும் போட்ட பூனையை மட்டும்தான் சேர்ப்போம் என்று கறாராகச் சொல்லும் இடம்தான் நல்ல இடம். நம்மிடம் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காத இடம் மற்றவர்களிடமும் கேட்டிருக்காது. தெரிந்தவர் வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் சண்டை நிச்சயம், இல்லாவிட்டால் ஊர் வீட்டுக்குச் சொன்ன அதே ஜாக்கிரதைதான்.

கணக்கு மாறும் சமயங்கள்

நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைத் தனியே விட முடியாது. அதற்கு நாலைந்து வேளை தீனியும் துணையும் வேண்டும், தடுப்பூசியும் முழுதாக முடிந்திருக்காது. ஊருக்கும் வேண்டாம், போர்டிங்கும் வேண்டாம், வீட்டில் ஒருவர் தங்கிவிடுவதுதான் சரி. இன்சுலின் போடும் பூனை, சிறுநீரகக் கோளாறுள்ள வயதான பூனை என்றால் ஊசி போடத் தெரிந்தவர் வீட்டிலேயே வந்து தங்க வேண்டும், இல்லாவிட்டால் பூனை நம்மோடு வர வேண்டும்.

தீபாவளிக்கு நான் இன்னும் கூடுதலாக யோசிப்பேன். வெடிச் சத்தத்தில் பூட்டிய வீட்டில் பூனை தனியாக இருப்பது கொடுமை. ஊரிலும் வெடி உண்டுதான், புது இடம் என்பதால் அங்கே பயம் இரட்டிப்பாகும். தீபாவளி அன்று இரவு அக்காவின் பையனை எங்கள் வீட்டிலேயே படுக்கச் சொல்லி, உள்ளறையில் ஃபேனைப் போட்டு டிவியை ஓடவிட்டு, பீரோவுக்குப் பக்கத்தில் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைப் போர்வை மூடி வைத்துவிட்டுப் போவதுதான் நான் கண்ட வழி.

மே மாத லீவுக்கு ஒரு மாதம் போய்த் தங்குவது என்றால் நான் கூட்டிப் போகும் கட்சிக்கு மாறிவிடுவேன். அத்தனை நாள் அடுத்தவர் கையை நம்புவதும் நியாயமில்லை, பூட்டிய வீட்டின் சித்திரை வெக்கையும் ஆகாது. நீண்ட நாள் இருப்பதால் புது இடம் பழகவும் அவகாசம் கிடைக்கும். இறங்கியதும் நேரே அந்தத் தனி அறைக்குக் கொண்டு போங்கள். வீட்டில் பயன்படுத்திய பழைய லிட்டர் மண்ணில் ஒரு கை, துவைக்காத அதன் விரிப்பு, அதே கிண்ணம் எல்லாம் கூடவே வரட்டும். கூடையைத் திறந்து வைத்துவிட்டு விலகி வந்துவிடுங்கள், இழுத்து வெளியே எடுக்காதீர்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருக்கலாம். இரண்டாம் நாளும் தட்டு அப்படியே இருந்தால் காத்திருக்க வேண்டாம், திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தட்டு காலியாகி, கதவைத் திறந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகு அடுத்த அறையைத் திறந்து விடலாம். பின்வாசலை மட்டும் திரும்பும் நாள் வரை சாத்தியே வைத்திருங்கள்.